விண்ணேறிய பெட்டியைத் தேடி

தென் ஆஸ்திரேலியாவின் தலைநகரமாகிய அடிலெய்டுக்குக் கிழக்கே, குன்றுகளுக்கு நடுவில் மவுண்ட் பார்க்கர் என்றோர் ஊர் இருக்கிறது. அடிலெய்டைச் சேர்ந்த அமெச்சூர் ரேடியோ சங்கம் ஒன்றின் அங்கத்தினர்கள், காற்று அடங்கியிருக்கும் விடுமுறைக் காலைகளில் அங்கே கூடி, வெண்ணிற ரப்பர் பலூன் ஒன்றில் வாயுவை நிரப்பி, அதன் கீழே ஒரு பாரசூட்டையும் அதற்கும் கீழே சில தெர்மகோல் பெட்டிகளையும் கயிற்றில் கோத்து ஆகாயத்தில் விட்டுவிட்டு, விட்ட கையோடு கார்களில் ஏறிக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகிறார்கள். பலூன் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் உயரம் போய் வெடிக்கும். பெட்டிகள் பாரசூட்டில் தொங்கியபடி, மர்ரே நதிக்கு இப்பாலோ அப்பாலோ, ஒரு கோதுமை வயலிலோ மாலி என்னும் குட்டை யூகலிப்டஸ் காட்டிலோ வந்து விழும். அவை விழுகிற நேரத்துக்கு விழுகிற இடத்தில் போய் நிற்கவேண்டும் என்பதே அவர்களுடைய லட்சியம். எகிப்தியரின் பருந்துமுகத் தேவனுடைய பெயரால் 'ஹோரஸ்' என்று வழங்கும் இந்த முயற்சியில் சம்பளம் வாங்கும் தொழிலாளி ஒருவருமில்லை. பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக்குறியும் வைத்துக்கொண்டு, லாப நோக்கமின்றி ரேடியோ அலைகளோடு உறவாடுகிறவர்கள் அவர்கள். நம் நாட்டில் வி.யு. என்று தொடங்கும் குறிகளோடு இருக்கும், ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்களைப் போன்றவர்களே.

இத்தகைய செய்திகளைக் கேட்கும்போது நம் மனம் இயல்பாகவே ஏற்றத்தை வியக்கிறது. காற்றைக் காட்டிலும் இலேசான வாயு மேலே ஏறுவதில் மனிதனுடைய சாமர்த்தியம் அவ்வளவாக இல்லை; அது ஏறத்தான் செய்யும். ஏறினதைத் திரும்பக் கையில் வாங்குவதில்தான் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட யோசனை அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதை ருசுப்படுத்தப் பழைய கதையைச் சிறிது சொல்லவேண்டியிருக்கிறது.

1892-ல் பிரான்ஸ் தேசத்தில் குஸ்தாவ் எர்மித், ஜார்ஜ் பெஸான்ஸோன் என்னும் இருவர், ஆள் ஏறாத பலூன்களில், தாமே வரைந்து பதிவு செய்துகொள்ளும் உஷ்ணமானியையும் அழுத்தமானியையும் வைத்து அனுப்பத் தொடங்கினார்கள். பதிவு கருவியோடேயே இருந்தது. ஆகவே கருவி கிடைத்தால்தான் விஞ்ஞானம். கிடைக்காவிட்டால் ஏறினது ஏறாததற்குச் சமம். கண்டெடுக்கிறவர் இன்ன விலாசத்துக்குச் சேர்ப்பித்தால் வெகுமதி உண்டு என்ற சீட்டைக் கட்டி அனுப்பிவிட்டு, எந்தக் கிராமத்து விவசாயி எப்போது தபால் நிலையத்துக்குப் போவான் என்று காத்திருப்பதுதான் அந்நாளைய ஆராய்ச்சி முறை. அவ்வாறு காத்திருந்தவர்களில் மிகப் பெரியவர் தேஸ்ஸராங் தெ போர். பாரிஸுக்கு அருகிலுள்ள திராப் என்ற ஊரில் தம் சொந்தச் செலவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, வெயிலின் சூடு கருவியை ஏமாற்றிவிடக்கூடாதென்று பல பலூன்களை இரவிலேயே ஏற்றி, இருநூறுக்கு மேற்பட்ட பதிவுகளைச் சேர்த்த பிறகு, சுமார் பதினோரு கிலோமீட்டருக்கு மேல் உஷ்ணம் குறைவது நின்றுவிடுகிறது என்ற ஆச்சரியமான உண்மையை 1902-ல் அவர் வெளியிட்டார். ஸ்ட்ராடோஸ்பியர் என்று நாம் இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கிற அடுக்கு, பிரெஞ்சு விவசாயிகளின் நேர்மையினால் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொன்னாலும் பெரும் பிழையாகாது.

இதே காலத்தில் ஜெர்மனியில் ரிச்சர்ட் அஸ்மான் செய்த ஒரு மாறுதல், கவனிப்பாரற்றுப் போனாலும் மிக முக்கியமானது. காகிதத்தாலோ பட்டாலோ செய்து, அடிவாய் திறந்திருந்த பழைய பலூன், உச்சியை அடைந்தபின் வாயு மெல்ல மெல்லக் கசிய, காற்று இழுத்த பக்கமெல்லாம் அலைந்து, வெகு தூரத்தில் போய் இறங்கும். அஸ்மான் 1901-ல், வாய் மூடிய ரப்பர் பலூனைப் புகுத்தினார். அது ஏற ஏற விரிந்து, ஓர் எல்லையில் படீரென்று வெடித்து, கருவியைச் சிறு பாரசூட்டின் பொறுப்பில் விட்டுவிடும். அதனால் பிரயாணம் சுருங்கியது, விழும் இடமும் கிட்டத்தில் வந்தது. இன்றைக்கும் மவுண்ட் பார்க்கரில் ஏறுவது அதே தத்துவத்தில் அமைந்த பலூன்தான்.

அடுத்த திருப்பம் ரேடியோவால் வந்தது. 1929-ல் பிரான்ஸில் ரொபேர் புயூரோவும், 1930-ல் ரஷ்யாவில் மல்ச்சானவும், கருவி பறந்துகொண்டிருக்கும்போதே அளவுகளை ரேடியோ மூலம் தரைக்குச் சொல்லும்படி செய்துவிட்டார்கள். செய்தி முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டபடியால், கருவி போனால் போகட்டும் என்று வானிலைத் துறைகள் அதைத் தேடுவதையே விட்டுவிட்டன. அரசாங்கத்துக்குக் கருவியைக் கைவிட உதவிய அந்த ரேடியோவே, பிற்காலத்தில், கைப்பணத்தைப் போட்டுக் கருவி செய்து அதை இழக்க மனமில்லாத அமெச்சூர்களுக்குக் கருவியைக் கண்டெடுக்கும் சாதனமாயிற்று. 1967-ல் ஃபின்லாந்து ஹாம்கள் பலூனில் ரேடியோக் கருவியை ஏற்றியிருக்கிறார்கள். 1987 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்து ஃபின்ட்லேயிலிருந்து டெலிவிஷன் ஒளிபரப்பியோடு ஒரு பலூன் புறப்பட்டது. எனினும் இவ்வித்தை பலருடைய கைக்கும் எட்டியது ஜி.பி.எஸ். வந்த பிறகுதான், அதிலும், பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். குறிப்பில் வேண்டுமென்றே புகுத்திவந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கிவிட்ட பிறகு, ஒரு வயலின் விஸ்தீரணத்துக்குள் தேடவேண்டிய பெட்டி ஒரு முற்றத்தின் விஸ்தீரணத்துக்குள் வந்துவிட்டது.

இனிப் பலூனைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். புல்லின் மேல் சுத்தமான துணியை விரித்து, மெல்லிய கையுறை அணிந்தவர்களே அந்த ரப்பரைத் தொடுகிறார்கள். விரலின் எண்ணெய்ப் பசையோ ஒரு சிறு முள்ளோ பட்ட இடம், பின்னால் மேலே ரப்பர் மெலிந்து விரியும்போது முதலில் கிழியும் இடமாகிவிடும். வாயுவின் அளவைக் கணிக்க அவர்கள் கையாளும் உபாயம் மிகவும் எளியது. பெட்டிகளின் எடையோடு, வேகமாக ஏறுவதற்கு வேண்டிய உபரித் தூக்குவிசையையும் கூட்டி, அவ்வளவு எடைக்குத் தண்ணீர் நிரப்பிய ஒரு புட்டியைப் பலூனின் கழுத்தில் தொங்கவிடுகிறார்கள். புட்டி தரையைவிட்டு எழும்பவும் மாட்டாமல் தரையில் ஊன்றவும் மாட்டாமல் தயங்கி நின்றால் வாயு போதுமானது என்று பொருள். குறைந்தால் பலூன் சோம்பி ஏறி, வெடிக்காமல் வெகு தூரம் போய்விடும். மிகுந்தால் விரைந்தேறி, உத்தேசித்த உயரத்துக்கு முன்பே வெடித்துவிடும். கழுத்தை முறுக்கி மடித்துக் கட்டி, அதன்மேல் நாடா சுற்றிவிட்டால் பலூன் தயார். விமானப் போக்குவரத்து அதிகாரிகளுக்கு முன்னறிவிப்புக் கொடுத்து அநுமதி பெறுவது முதலிய காரியங்கள் இதற்கெல்லாம் முன்னாலேயே நடந்திருக்கும்.

பெட்டியினுள் இருப்பவை கைக்கடக்கமானவை: ஒரு ஜி.பி.எஸ். ஏற்பி, சில பத்து மில்லிவாட் சக்தியுள்ள ஒலிபரப்பி, கடுங்குளிரிலும் சோர்ந்துபோகாத லித்தியம் மின்கலங்கள், சில சமயம் ஒரு காமிரா. இங்கே ஒரு கண்ணி உண்டு. ஏவுகணைகளுக்குப் பயன்படாதிருக்கவேண்டும் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் காரணமாக, ஜி.பி.எஸ். ஏற்பிகளில் சில பதினெட்டுக் கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டியதும் வாய்மூடிவிடும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. அதை அறியாமல் கடையில் கிடைத்ததை வாங்கி ஏற்றுகிறவனுடைய பலூன், பாதி வழியில் தன் இருப்பிடத்தைச் சொல்லாமல் மௌனமாகிவிடும். அதனால் அநுபவஸ்தர்கள், ஐம்பது கிலோமீட்டர் வரை வேலை செய்யும்படி முறை மாற்றக்கூடிய ஏற்பியையே தேர்ந்துகொள்கிறார்கள்.

விட்ட பலூன் விநாடிக்கு ஐந்து மீட்டர் வீதம், ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டே போகிறது. உயரப் போகப் போக வெளிக் காற்றின் அழுத்தம் குறைய, உள்ளிருக்கும் வாயுவும் அதற்கேற்ப விரிந்து கொடுப்பதால், தூக்குவிசை பெரும்பாலும் மாறுவதில்லை. தரையில் இரண்டு மீட்டர் குறுக்களவு இருந்தது, முப்பது கிலோமீட்டர் உயரத்தில், காற்றின் அடர்த்தி தரையிலிருப்பதில் அறுபதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்ட நிலையில், எட்டு மீட்டராகி, ஒரு மாடி வீட்டையே உள்ளே அடக்கிவிடும் அளவுக்குப் பெருத்திருக்கும். இதற்குச் சுமார் நூறு நிமிஷம் செல்கிறது.

இந்த நூறு நிமிஷத்தில் ரேடியோ செய்யும் காரியம் என் மனத்தைப் பெரிதும் கவர்கிறது. இவர்கள் பயன்படுத்தும் அலைகள் நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு மறைக்கும் இடத்தில் அவை எட்டா. தரையில் நின்று பேசும் சிறிய ஒலிபரப்பியை ஒரு குன்று மறைத்துவிட்டால், இரண்டு கிலோமீட்டரில் இருப்பவனுக்கும் அது கேட்காது. அதே கருவி முப்பது கிலோமீட்டர் உயரத்தில் தொங்கும்போது அதன் தொடுவானம் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் விலகிவிடுகிறது. சைக்கிள் விளக்கின் சக்தியில் சிறு பங்குகூட இல்லாத அந்த ஒலிபரப்பியின் குரலை, அடுத்த மாநிலமாகிய விக்டோரியாவில் தன் வீட்டுக் கூரையில் ஆண்டெனா வைத்திருப்பவனும் தெளிவாகக் கேட்கலாம்.

கேட்பது என்றால் உண்மையாகவே காதால் கேட்பதுதான். நான்கு ஸ்வரங்கள் மாறி மாறி ஒலிக்கும் ஒரு நடுக்கமான சீழ்க்கை அது. ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டு பிட் செய்தியைச் சுமக்கிறது. விநாடிக்கு நூறு ஸ்வரம் வீதம், இடம், உயரம், நேரம், மின்கலத்தின் நிலை, உஷ்ணம் எல்லாம் சில விநாடிகளில் வந்து சேர்ந்துவிடுகின்றன. இரைச்சலில் சில பிட்டுகள் சிதைந்து போனாலும் மீட்டுக்கொள்ளும்படி உபரிப் பிட்டுகள் கணித முறைப்படி சேர்க்கப்பட்டிருக்கின்றன. கேட்கிற ஒவ்வொருவருடைய கம்ப்யூட்டரும் தனக்குக் கிடைத்ததை இன்டர்நெட் வழியே பொதுவான ஒரு வரைபடத்துக்கு அனுப்ப, மலை மறைத்து ஒருவர் தவறவிட்டதை மற்றொருவர் நிரப்புகிறார். பெரிய வானிலை நிலையம் ஒரு விலையுயர்ந்த ஆண்டெனாவைக் கொண்டு செய்வதை இவர்கள் நாடு முழுவதும் பரந்து கிடக்கும் பல சாமானிய ஆண்டெனாக்களைக் கொண்டு செய்துவிடுகிறார்கள். பிரிட்டனில் நெடுங்காலம் அமெச்சூர் உரிமத்தைப் பறக்கும் பொருளில் பயன்படுத்தச் சட்டம் இடந்தராததால், அங்குள்ளவர்கள் உரிமம் வேண்டாத பத்து மில்லிவாட்டை வைத்துக்கொண்டே இதே காரியத்தைச் சாதித்தார்கள் என்பதையும் இங்கே நினைக்கலாம்.

பெட்டிகளில் ஒன்றில், கதிர்வீச்சை எண்ணும் ஒரு கைகர் கவுண்டரை வைத்துவிட்டால், மாணவர்கள் ஒரு பெரிய கண்டுபிடிப்பை ஒரே காலையில் திரும்பக் கண்டுவிடலாம். 1912 ஆகஸ்டில் விக்டர் ஹெஸ் தாமே பலூனில் ஏறி ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போய், உயரே போகப் போகக் கதிர்வீச்சு மிகுகிறது என்று கண்டு, காஸ்மிக் கதிர்களின் இருப்பை நிலைநாட்டினார். அதற்கு 1936-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு ஜெர்மனியில் ரெகனரும் அவருடைய மாணவர் ஃபோட்ஸரும் ஆளில்லாப் பலூன்களை இன்னும் உயரத்துக்கு அனுப்பிப் பார்த்ததில், அந்த மிகுதி முடிவில்லாமல் போவதில்லை, இருபது கிலோமீட்டரை ஒட்டி உச்சத்தை அடைந்து பின்பு குறைகிறது என்று தெரிந்தது. வெளியிலிருந்து வரும் துகள் காற்றின் அணுக்கருவோடு மோதிப் பல துகள்களைப் பிறப்பிக்கிறது. மிக உயரத்தில் மோதுவதற்குக் காற்றே போதாது, பிறந்தவை மிகத் தாழ்வை எட்டுமுன் காற்றிலேயே மடிந்துவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு மேடு எழுகிறது. அமெச்சூர் பலூன் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது மறுமுறை என்று அந்த மேட்டை இருமுறை கடக்கும். ஆகையால் வரைபடத்தில் இரண்டு திமில்கள் தோன்றும். பூமியின் காந்த மண்டலம் நிலநடுக்கோட்டுப் பிரதேசத்தில் சக்தி குறைந்த துகள்களைத் திருப்பி அனுப்பிவிடுவதால், அடிலெய்டில் ஏறும் கவுண்டர் பெங்களூரில் ஏறுவதைக் காட்டிலும் அதிகமாக எண்ணும். அந்த வித்தியாசத்தை அளப்பதற்காகவே ராபர்ட் மில்லிகன் தம் சகாக்களான நெஹர், பிக்கரிங் என்பவர்களோடு 1939-40-ல் அன்றைய இந்தியாவுக்கு வந்து, பெஷாவர், ஆக்ரா, பெங்களூர் ஆகிய இடங்களில் பலூன்களை ஏற்றினார்.

பலூன் எங்கே விழும் என்பதை விடுவதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிடலாம். ஏறும் வேகம், வெடிக்கும் உயரம், இறங்கும் வேகம் என்ற மூன்றையும் கொடுத்தால், அமெரிக்க வானிலைத் துறை வெளியிடும் காற்றுக் கணிப்பைக் கொண்டு பாதையை வரைந்து காட்டும் ஒரு மென்பொருளை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கி எல்லோருக்கும் பொதுவாக்கியிருக்கிறார்கள். தென் ஆஸ்திரேலியாவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று பலூனைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போகும். கோடைக் காலத்தில் மட்டும் இருபது கிலோமீட்டருக்கு மேல் காற்றின் திசை நேர்மாறாகி, பலூன் போன வழியே சிறிது தூரம் திரும்பி வரும். அந்தப் பருவத்தில் பெட்டி கிட்டத்திலேயே விழுவதால், துரத்துகிறவர்களுக்கு அது சுகமான காலம். வெயிலின் கொடுமையைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

பலூன் வெடித்தபின் அவசரம் தொடங்குகிறது. தரையை விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் தொடக்கூடிய பாரசூட், காற்று அருகிப்போன அந்த உச்சியில் விநாடிக்கு நாற்பது மீட்டர் வேகத்தில் விழுகிறது. கீழே வர வரக் காற்று தடித்து வேகம் அடங்குகிறது. கணக்கோ ஒவ்வொரு செய்திக்கும் திருத்தப்பட்டு, விழும் புள்ளி வரைபடத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். தொலைவிலிருப்பவர்களுடைய ஆண்டெனாக்கள் ஒவ்வொன்றாகப் பெட்டியை இழந்துவிடும், தொடுவானம் சுருங்குகிறதல்லவா? கடைசியாகக் கேட்ட செய்தியில் உயரம் முந்நூறு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரையை எட்ட இன்னும் ஒரு நிமிஷம் இருக்கிறது. விநாடிக்குப் பத்து மீட்டர் காற்று வீசினால் அந்த ஒரு நிமிஷத்தில் பெட்டி அறுநூறு மீட்டர் தள்ளிப்போய்விடும். புதர்க் காட்டில் அறுநூறு மீட்டர் என்பது ஒரு பகல் முழுதும் தேடவேண்டிய தூரம். யாராவது ஒருவருடைய கார் அந்த வேளையில் சில கிலோமீட்டருக்குள் நின்று, கடைசிச் சொல்லையும் கேட்டுவிட வேண்டும். பலூனை விட்டவுடனே அவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்காமல் ஓடியதற்குக் காரணம் இதுதான்.

கேட்கவில்லையென்றால் ஹாம்களின் பழைய விளையாட்டு ஒன்று கைகொடுக்கிறது. ஒளித்துவைத்த ஒலிபரப்பியைத் திசையாண்டெனாவால் தேடிப் பிடிக்கும் 'நரி வேட்டை' அது. யாகி ஆண்டெனாவைக் கையில் பிடித்து மெல்லச் சுற்றி, ஓசை மிகும் திக்கைக் குறித்துக்கொண்டு, வேறோரிடத்துக்குப் போய் மறுபடியும் குறித்தால், இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பெட்டி. மிக நெருங்கிவிட்டாலோ ஓசை எல்லாத் திக்கிலும் ஒரேயடியாய்ப் பெரிதாகித் திசை தெரியாமற் போகும். அப்போது ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, ரேடியோவை மார்போடு அணைத்துத் தன் உடம்பையே மறைப்பாக்கிச் சுழன்று, ஓசை மங்கும்போது முதுகு காட்டும் பக்கமே பெட்டி இருக்கும் பக்கம் என்று அறிந்து நடக்கிறார்கள். வழியில் தனியார் நிலத்து வேலி வரும். வீட்டைத் தேடிப் போய் அநுமதி கேட்கவேண்டும். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டு வரவேண்டும் என்பது அந்நாட்டுக் கிராமங்களில் எழுதாத சட்டம். உயர்ந்த மரத்தில் பாரசூட் சிக்கினால், நீண்ட கழிகளை ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டு ஒரு மணி நேரம் மன்றாட வேண்டியும் வரும்.

திரும்பி வரவே வேண்டாம் என்று விடுகிறவர்களும் இதே குலத்தில் உண்டு. பத்து இருபது கிராம் எடையுள்ள சூரிய ஒளிக் கருவியோடு சிறு பலூனை மிதக்கவிட்டு, அது உலகைச் சுற்றி வருவதைக் குறைந்த சக்திச் செய்திகளால் அவர்கள் பின்தொடர்கிறார்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் போர்விமானம் கனடாவின் யூகான் பிரதேசத்தின் மேல் அடையாளம் தெரியாத ஒரு பொருளை ஏவுகணையால் வீழ்த்திய சமயத்தில், இல்லினாய்ஸ் ஹாம்கள் தங்கள் பலூன் ஒன்று அலாஸ்காவுக்கு அருகில் கடைசியாகப் பேசியபின் காணாமற் போனதாக அறிவித்தார்கள். இரண்டும் ஒன்றுதானா என்பது நிரூபணமாகவில்லை.

தாங்கள் விட்டதோடு நில்லாமல், வானிலைத் துறை கைவிட்ட கருவிகளையும் தேடி எடுப்பது இவர்களில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. உலகெங்கும் பல நூறு நிலையங்கள் தினமும் கிரீனிச் நேரப்படி நள்ளிரவையும் நண்பகலையும் ஒட்டி ரேடியோ சாண்டு என்னும் அக்கருவிகளைப் பலூனில் ஏற்றுகின்றன. அவை 400 முதல் 406 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் பேசிக்கொண்டே ஏறி, பேசிக்கொண்டே விழுகின்றன. ஃபின்லாந்தின் வைசாலா நிறுவனம் செய்யும் ஆர்.எஸ்.41 என்ற சாண்டு ஹாம்களுக்குப் புதையல் மாதிரி: ஜி.பி.எஸ்., நுண்செயலி, ஒலிபரப்பி எல்லாம் ஒரே சிறு பெட்டியில் தயாராக இருக்கின்றன. உள்ளிருக்கும் நிரலை அழித்து வேறொன்றை எழுதிவிட்டால், அது அடுத்த பலூனில் அமெச்சூர் அலைவரிசையில் பேசத் தொடங்கும்.

சென்னை மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் நம் வானிலைத் துறையினர் காலை ஐந்தரை மணியை ஒட்டி இத்தகைய பலூன்களை ஏற்றுகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கீழ்க்காற்று அவற்றை முதலில் கடற்பக்கம் தள்ளினாலும், பதினைந்து கிலோமீட்டரை ஒட்டி, வானிலை அறிஞர் கோடீஸ்வரம் 1958-ல் விவரித்த கீழைத் திசை ஜெட் காற்று குறுக்கிட்டு மேற்கே இழுத்துக்கொண்டு போகும். ஆகவே ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சென்னையிலிருந்து ஏறும் சாண்டு கடலில் விழாமல், காஞ்சிபுரத்துக்கோ வேலூருக்கோ அப்பால், ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் விழுந்து கிடக்கவும் கூடும். அன்றன்றைய காற்றைக் கொண்டு அந்த இடத்தைக் கணித்துக்கொள்ள, கேம்பிரிட்ஜ் மாணவர்களின் மென்பொருள் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.